மடையும் மனையும்

நாஞ்சில் நாட்டில் முந்தைய தலைமுறை வயல் வாங்கப் போனால் முதலில் தண்ணீரைத்தான் விசாரிக்கும். எந்த சானல், எந்த மடை, தலைமடையா கடைமடையா, கன்னிப்பூ போகத்துக்குக் குளத்து நீர் எட்டுமா, கும்பப்பூ போகம் நட்டபின் அடைமழை பிடித்தால் வடிய வழி உண்டா என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் விலைப் பேச்சு தொடங்கும். விற்கிறவர் ஏன் விற்கிறார் என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்கும். மகள் கல்யாணம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வழக்கில் ஏறிய கடன் என்று காரணம் எதுவானாலும் மறைக்க முடியாது. அந்த வயலில் யாருக்கு ஒற்றி, யார் பாட்டக்காரர், எந்தச் சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்கிறார் என்பதெல்லாம் கோயில் நடையிலும் டீக்கடையிலும் பேச்சாக இருக்கும்.

இன்று அதே பத்தில், அதாவது வயல்பரப்பில், மனை வாங்க வருகிறவர் நாகர்கோவில் எத்தனை கிலோமீட்டர், முன்னால் போகிற சாலை எத்தனை அடி, நாலுவழிச் சாலை எந்தப் பக்கம் என்று கேட்கிறார். தரகருக்கு இந்தக் கேள்விகள் மிகவும் பிடிக்கும். "அண்ணாச்சி, ரோடு மட்டும் திறந்துட்டுன்னா சென்ட் விலை எங்கேயோ போயிரும் பாத்துக்கிடுங்க" என்பது இந்த மாவட்டத்தில் எந்த மனையில் நின்றாலும் காதில் விழும் வாசகம். களியக்காவிளையில் இருந்து கன்னியாகுமரி வரையிலான நாலுவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தபோதும் அந்த வாசகம் மாறவில்லை.

முதன்முறையாக நிலத்தில் பணம் போடுகிறவர் இங்கே கைசுட்டுக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று தண்ணீர், இன்னொன்று பிரமாணம், அதாவது நிலப் பத்திரம். இரண்டையும் அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து பார்த்துக்கொண்டது. இப்போது வாங்குகிறவர் தனியாளாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காத வேலை.

தண்ணீரில் இருந்து தொடங்குகிறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் சமவெளிதான் நெல் விளைந்த பழைய நாஞ்சில் நாடு. பழையாறும் அதன் அணைகளும், ஒன்றின் மிச்சம் அடுத்ததற்குப் போகும்படி தொடுத்த குளங்களும் நூற்றாண்டுகளாக இங்கே இருந்தவை. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் ஆண்ட காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்று நீரையும் இந்த வயல்களுக்குத் திருப்பியது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோவாளை சானலும் அனந்தனார் சானலும் நாஞ்சில் நாட்டுப் புத்தனாறும் ஓடிய ஓட்டம்தான் இங்கே வயலுக்கு விலை வைத்தது. பக்கத்துப் பக்கத்து வயல்களே ஆனாலும் மடை மாறினால் மதிப்பு மாறும்.

இந்தச் சமவெளி முழுவதும் நீரைத் தேக்கி, அடுத்த வயலுக்கு விட்டு, கடைசியில் மணக்குடிக் காயலில் சேர்ப்பதற்காக மட்டம் பார்த்துச் செதுக்கிய நிலம். வடகிழக்குப் பருவமழை மட்டும் பெய்கிற ஊர் என்றால் ஆபத்து ஒரு பருவத்தோடு முடியும். குமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அப்படிப்பட்ட நிலத்தின் நடுவில் நான்கு வயலை மட்டும் மண்போட்டு உயர்த்தினால் மேலே உள்ள வயலின் நீர் எங்கே போகும்? மனைக்குள் வரும், அல்லது மேல் வயலிலேயே நின்று பயிரை அழுகவைக்கும். கீழ் வயலுக்கோ பாசன நீரே எட்டாது. இரண்டு பூ தொடர்ந்து பொய்த்தால் கீழ்வயல்காரரும் விற்கத் தயாராவார். அவரிடம் வாங்குவதற்கு அதே தரகர் காத்திருப்பார்.

பழையாற்றுக் கரையோர ஊர் ஒன்றில் தெரிந்தவர் ஒருவருக்காக மனை பார்க்கப் போயிருந்தேன். வைகாசி மாதம். புதிதாக அடித்த செம்மண், சுண்ணாம்பு அடித்த எல்லைக்கற்கள், நுழைவாயிலில் இரண்டு தூண்கள் என்று பார்க்க லட்சணமாக இருந்தது. உள்சாலைக்குக் குறுக்கே ஓரடி விட்டத்தில் ஒரு சிமென்ட் குழாய் புதைத்திருந்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் அந்தக் குழாயோடு வந்து முட்டிய வாய்க்கால் மூன்றடி அகலம். குழாயின் வாயில் பிளாஸ்டிக் பைகளும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தன. மேற்கே ஒட்டியிருந்த வயலில் அன்றைக்கும் நடவு. வரப்பில் நின்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "எனக்க அப்பா காலத்திலேயே இது பள்ள வயலு மக்கா. ஐப்பசியில வந்து பாரு, முட்டளவு வெள்ளம் கெடக்கும்" என்றார். மனைக்காரரின் வண்ணத்தாளில் இல்லாத தகவல் அது. கூட வந்தவர் அந்த மனையை வாங்கவில்லை.

மனை விளம்பரங்கள் பெரும்பாலும் கும்பப்பூ அறுத்து, தரை காய்ந்து வெடித்திருக்கும் மாசி, பங்குனியில் சூடுபிடிக்கும். அப்போது எந்தப் பள்ளமும் மேடாகத்தான் தெரியும். 2021 நவம்பரில் பெய்த மழையில் வயலும் தெருவும் ஒன்றாகி, நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோனதை இங்குள்ள யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வாரம் பைக்கில் ஒரு சுற்று வந்திருந்தால் எந்த மனை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று தெரிந்திருக்கும். பள்ள வயலில் வீடு கட்டவேண்டி வந்தால் இன்னொரு செலவும் உண்டு. மேலே கொட்டிய மண்ணையும் அதன் அடியில் இருக்கும் வயல் களியையும் தாண்டி, உறுதியான தரை கிடைக்கும்வரை அஸ்திவாரம் இறங்க வேண்டும். குறைந்த விலைக்கு வாங்கிய லாபம் அங்கேயே போய்விடும்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2008-ல் நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்கத் தனிச் சட்டம் வந்தது. ஒரே திருவிதாங்கூராக இருந்த மண்ணில் எல்லைக்கு அந்தப் பக்கம் வயலைத் தூர்க்கக் கடுமையான தடை. இந்தப் பக்கம் வகைப்பாடு மாற்றும் நடைமுறை உண்டே தவிர, நெல்வயலுக்கென்று அதுபோல ஒரு சட்டம் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ள ஒரு மாவட்டத்துக்கு இது பெருங்குறை என்றே நினைக்கிறேன்.

இனி பிரமாணம். நிலப் பத்திரத்தை இங்கே பலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கிடைத்த ஓலைகளைப் பார்த்தால், நிலம் விற்றதும் ஒற்றி வைத்ததும் இந்த மண்ணில் எவ்வளவு காலமாக எழுத்தில் பதிவாகி வந்தது என்பது தெரியும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை போன்றவர்கள் அந்த ஓலைகளின் அருமையை உணர்ந்து வெளிக்கொண்டு வந்தார்கள். எழுத்தில் இருந்தபோதும் ஊரறிவே அந்த எழுத்துக்குச் சாட்சியாக நின்றது. 1865-ல் திருவிதாங்கூர் அரசு பண்டாரவகை (அரசுக்குச் சொந்தமான) பாட்ட நிலங்களுக்குக் குடியானவர்களை உடைமையாளர்கள் ஆக்கியது. பின்னால் சர்வேயும் செட்டில்மெண்டும் வந்தன. 1956 நவம்பர் 1-ல் இப்போதைய குமரி மாவட்டமான நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆகவே இங்கே ஒரு மனையின் தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பின்னால் போனால் மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு, பழைய சர்வே எண் என்று வேறொரு அரசாங்கத்தின் காகிதம் கைக்கு வரும். புதுக்கோட்டையிலோ கோவையிலோ நிலம் வாங்கிப் பழகியவருக்கு இது திகைப்பாக இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்த பழைய பத்திர எழுத்தர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய எண்ணும் ரீசர்வே எண்ணும் ஒரே துண்டு நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்பதை ஒத்துப்பார்க்காமல் வாங்கி, அடுத்தவர் தென்னந்தோப்பின் எண்ணுக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

வாரிசுரிமை இன்னும் சிக்கலானது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு காலத்தில் சொத்து மருமக்கள் வழியில், அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. கொல்லம் 1101-ல், அதாவது 1926 வாக்கில் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம்தான் அந்த முறையை மாற்றியது. கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதும் அளவுக்குக் குடும்பங்களில் அது புண்ணாக இருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு கதை. கொல்லம் 1092-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அந்தச் சட்டம் 1951-க்குப் பிறகும் செல்லுமா என்பதில் சென்னை உயர் நீதிமன்றமே 1970-களில் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று முடித்துவைத்தது. மகளுக்கும் சம பங்கு என்றாயிற்று. மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக உள்ள மாவட்டத்தில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். 1960-களில் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டுப் பிரித்துக்கொண்ட சொத்து எத்தனையோ. இந்துக் குடும்பங்களிலும் 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ல் மத்திய அரசின் திருத்தமும் மகள்களின் உரிமையை உறுதிசெய்தன.

பெண்களுக்குச் சேரவேண்டிய பங்கு காலம் தாழ்ந்தாவது சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். நிலம் வாங்குகிறவரும் அதை மதித்தே வாங்க வேண்டும். "அக்காமாருக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்று விற்கிறவர் சொன்னால், அந்த அக்காமாரின் கையெழுத்தோ பதிவான விடுதலைப் பத்திரமோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது.

காகிதத்தைப் பொறுத்தவரை இன்று வாங்குகிறவருக்கு வசதிகள் கூடியிருக்கின்றன. வில்லங்கச் சான்றை வீட்டில் இருந்தே இணையத்தில் பார்க்கலாம். பட்டாவும் புலப்படமும் அப்படியே. 2012 டிசம்பரில் இருந்து கிரைய ஒப்பந்தத்தையும் பதிவுசெய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கும் "அக்ரிமென்ட்"டை நம்பி அட்வான்ஸ் கொடுக்க இனி அவசியமே இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவைத் தடுத்தது. அதுவரை "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற இரண்டு சொல்லை வைத்தே வயல்களைக் கூறுபோட்டு விற்றவர்களுக்கு அது பெரிய அடி. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் தொழில்நுட்ப அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறைக்குத்தான், பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். நீர்நிலையிலும் நீர்வழியிலும் விழுந்த மனைகளுக்கு அதிலும் இடமில்லை.

அதே காலத்தில் வந்த ரெரா என்ற மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவுசெய்யாமல் விற்கக் கூடாது என்கிறது. நம் கணக்கில் 12 சென்டுக்குச் சற்று மேல். வாங்குகிறவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். இதைத் தவிர்க்க பெரிய வயலைப் பல பேரில் சின்னச் சின்னத் துண்டாக எழுதி விற்பதைப் பார்க்கிறோம். பதிவு எண் கேட்டதும் பேச்சை மாற்றுகிற இடத்தில் இருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

வில்லங்கச் சான்றும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, கையெழுத்துப் போடாத வாரிசு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். கோயில் நிலமா என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும். பட்டா கைவசம் இருந்தாலும் கிரையத் தொடர்ச்சி இல்லாமல் உரிமை நிலைக்காது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீடுகள் நெருங்கி, விளைகளுக்கு (தோட்டங்களுக்கு) நடுவே புரையிடங்கள் (வீட்டுமனைகள்) அடைந்து கிடப்பதால் வழிப்பாத்தியம் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குவது பெருந்தவறு. கார் போகும் என்று காட்டிய வழி பக்கத்து வீட்டுக்காரரின் தயவாக மட்டும் இருக்கக்கூடும். மலையடிவார நிலங்களில் சில, 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் முன் அனுமதி இல்லாமல் அவற்றை விற்கவே முடியாது. கடலோரத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் மணக்குடிப் பாலத்தையே பெயர்த்துப் போட்ட கடல் அது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் நினைப்பது வாங்குகிறவரின் தூரத்தை. 1970-களில் தொடங்கிய வளைகுடாப் பயணம் இந்த மாவட்டத்தில் வீடுகளையும் படிப்பையும் கொண்டுவந்தது. வெயிலில் உழைத்த காசு. அதைப் போடுவதற்கு மண்ணைவிடப் பத்திரமான இடம் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பவர் வாட்ஸாப்பில் வந்த காணொளியைப் பார்த்து மைத்துனர் வழியாக வாங்குகிறார். விற்கிறவரும் சில சமயம் அபுதாபியில் இருப்பார், பவர் பத்திரம் ஒருவர் கையில் இருக்கும். பவர் பத்திரத்தின் பேரில் உரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கான சான்றும் வேண்டும். இன்னொன்று மிகப் பலருக்குத் தெரியாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடுவதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வாங்க நினைக்கிற வளைகுடாத் தம்பிமார் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் இதைக் கேட்க வேண்டும்.

நிலத்தைக் கண்ணாலேயே பார்க்காமல் வாங்கியவர்களின் கதை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு பிஏசிஎல் நிறுவனம் ஒரு சாட்சி. முகவர்கள் வீடுவீடாகப் போய் மாதத் தவணையில் நிலம் என்று பணம் திரட்டினார்கள். 2014 ஆகஸ்டில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தலையிட்டபோது 5 கோடியே 85 லட்சம் பேரிடம் இருந்து 49,100 கோடி ரூபாய் திரட்டப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தும், பணம் சிறுகச் சிறுகத்தான் திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகச் சேமித்த எளியவர்கள்.

லாபக் கணக்கையும் ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். சென்ட் 5 லட்சம் என்று 5 சென்ட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 25 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று 9 சதவீதம், 2.25 லட்சம். தரகு 2 சதவீதம் என்றால் 50 ஆயிரம். ஆக 27.75 லட்சம். இதே தொகை 7 சதவீத வட்டியில் வங்கியில் கிடந்தால் ஐந்தாண்டில் ஏறக்குறைய 39 லட்சம். அதாவது சென்ட் 7 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் போனால்தான் வங்கி வட்டியையே தாண்டுகிறோம். விற்கும்போது லாபத்தில் 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரி. வட்டிக்கும் வரி உண்டுதான், ஆனால் வைப்புத்தொகையை ஒரே நாளில் உடைக்கலாம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ 5 சென்டில் அரை சென்டைக் கிள்ளி விற்க முடியாது. நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மீதிப்பணம் புரட்ட முடியாமல் அட்வான்ஸையும் இழந்த குடும்பங்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. மனை பேச்சில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறவும் வருமானவரிச் சட்டம் இடம் தருவதில்லை. "பாதி வெள்ளை, பாதி கறுப்பு" என்று பேசினால், பேரம் முறியும்போது கறுப்புப் பாதிக்கு எந்த நீதிமன்றத்திலும் கணக்குக் காட்ட முடியாது.

இவ்வளவையும் ஒரு புதியவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை. சானல்கள், குளங்கள், வடிகால்கள் எங்கே ஓடுகின்றன என்பது நீர்வளத் துறைக்குத் தெரியும். அந்தந்தக் கிராமத்துக்கான படத்தைக் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்கட்டும். வயலில் மனைப்பிரிவு கேட்டு விண்ணப்பம் வந்தால், அந்தப் பத்தில் இன்னும் உழுதுகொண்டிருக்கும் விவசாயிகளின் பாசனச் சங்கத்தை எழுத்தில் கேட்டு, அவர்கள் சொல்வதையும் கோப்பில் சேர்க்கட்டும். மலையாளத்தில் உள்ள பழைய பிரமாணங்களை வாசித்துச் சான்றளிக்க, மிச்சமிருக்கும் பத்திர எழுத்தர்களைக் கொண்டு இளையவர்கள் சிலரைப் பதிவுத் துறை பழக்கட்டும். படம் மாட்டுவதற்கும் நாலு பேரைக் கேட்பதற்கும் சட்டசபை கூட வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு போட்டால் அடுத்த கும்பப்பூவுக்குள் தொடங்கிவிடலாம்.